சேலத்துச் சிறுவர் கால்பந்து மைதானம்: டர்ஃபா, புல்லா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கன்னங்குறிச்சிப் பக்கம் பள்ளிக்குச் சொந்தமாக 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்தில் ஒரு செம்மண் தரை. 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கால்பந்து ஆடுகிறார்கள். போர்வெல் ஒன்று, ஏப்ரல் வந்தால் நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஓடும். "டர்ஃப் போட்டால் தண்ணீரே வேண்டாம், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, போடும் கான்ட்ராக்டர். பெற்றோரில் பாதிப் பேர் அவர் பக்கம். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் கிளைப் பள்ளிக்கும் இதே பதில் பொருந்துமா என்பது கடைசியில் ஒரு துணைக்கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு புல்லைக் காப்பாற்ற முடியுமா? முடியும், ஏப்ரல், மே மாதங்களில் பச்சை நிறத்தை விட்டுக்கொடுத்தால். சேலத்து வெயிலில் பிளாஸ்டிக் தரையில் பிள்ளைகளை ஆடவிடலாமா? காலை எட்டு மணிக்குள்ளும் மாலை வெயில் சாய்ந்த பிறகும் ஆடலாம், நடுவில் கூடாது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆட்டம் என்றால் என் கணக்கில் புல்தான். வாரம் நாற்பது மணி நேரம் ஓட்ட வேண்டும், இரவில் லைட் போட்டு வாடகைக்கு விட வேண்டும் என்றால் கணக்கு மாறும். அத்தனை மிதியைப் புல் தாங்காது, டர்ஃப் தாங்கும். டர்ஃபின் பெரிய பலம் அதுதான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு பேர் ஆட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு ஏறக்குறைய 55க்கு 37 மீட்டர். உங்கள் இடம் அதற்குக் கச்சிதம். அதைவிடப் பெரிய பிள்ளைகள் ஆடும் ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 73க்கு 46 மீட்டர் வேண்டும், அதற்கு இடம் போதாது. எதைப் போட்டாலும் பெரிய பிள்ளைகள் போட்டிக்கு வேறு மைதானம்தான் போக வேண்டும். இதை இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி வெயில். இதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-இல் தங்கள் மைதானத்தை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு நாளில் செயற்கைத் தரை 93 டிகிரி வரை போயிருக்கிறது. தண்ணீர் அடித்தபோது 79-இலிருந்து 29 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் இருபதே நிமிடத்தில் மறுபடி 73. சேலத்தில் ஏப்ரல், மேயில் 38, 40 டிகிரி சாதாரணம். புல் தன் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் இழைக்கும் அதன் நடுவே தூவும் டயர் ரப்பர் துகளுக்கும் அந்த வழி இல்லை. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரச்சினை அங்கே இருக்கிறது. பள்ளி நேரத்தில் வரும் பி.டி. பீரியட் பகல் பதினொன்றிலும் வரும், இரண்டிலும் வரும். டர்ஃப் போட்ட பள்ளி அந்தப் பீரியட்களை வெளியே நடத்த முடியாது. "தண்ணீரே வேண்டாம்" என்பதும் அவ்வளவு சரியில்லை. மாலை ஆட்டத்துக்கு முன் தரையைத் தணிக்கச் சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் 2,400 சதுர மீட்டருக்குத் தினமும் 4,800 லிட்டர் ஆகும். அதுவும் இருபது நிமிடத்து நிம்மதிக்கு.

அப்படியும் டர்ஃபுக்கே போவதென்றால், எங்கே ஏமாற்று நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே தெரிகிற பச்சை இழையைவிட அடியில் போகிற ஜல்லிதான் முக்கியம். மண்ணை வெட்டி, சரிவு கொடுத்து, அமுக்கி, அதன்மேல் 15 செ.மீ. கனத்துக்கு ஜல்லி, அதற்கு மேல் சிப்ஸ் என்னும் பொடி ஜல்லி, பிறகு அதிர்வைத் தாங்கும் பேட், அதன்மேல் டர்ஃப். 15 செ.மீ. என்றால் 360 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 127 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ரோலர் அமுக்கிய பிறகும் அந்தக் கனம் நிற்க வேண்டுமென்றால் 150 யூனிட்டைத் தொடும். கொட்டேஷனில் 80 யூனிட் என்று இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். வாடகை டர்ஃப்களில் சில நேராக சிமெண்ட் தளத்தின் மேல் விரித்தவை. சிறுவர்களுக்கு அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள், பின்மண்டை அடிபட விழுந்தால் அடியில் இருப்பது காங்கிரீட். இழை 50 முதல் 60 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அதில் முதலில் காய்ந்த சிலிக்கா மணல், பிறகு ரப்பர் துகள் தூவிப் பிரஷ் செய்து, மேலே 15 முதல் 20 மி.மீ. இழை மட்டும் வெளியே தெரியுமாறு நிரப்ப வேண்டும். சதுர மீட்டருக்கு 15 கிலோ மணல் என்றாலே 36 டன், ரப்பர் 6 கிலோ என்றால் 14 டன்னுக்கு மேல். இதில்தான் கை வைப்பார்கள். துகள் குறைந்தால் இழை படுத்துவிடும். படுத்த இழை வெயிலில் நரைத்து ஒடியும், தரையும் கல்லாகும். ஒரு சைக்கிள் கம்பியில் மி.மீ. கோடு போட்டு, அடித்துணி வரை செங்குத்தாக இறக்கி, பத்து இடத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். கோல் முன்னாலும் மூலைகளிலும் கட்டாயம் அளக்க வேண்டும், காலால் தள்ளித் தள்ளித் துகள் முதலில் குறைவது அங்கேதான்.

அடுத்தது இணைப்பு. ரோல் பெரும்பாலும் நான்கு மீட்டர் அகலத்தில் வரும். குறுக்கே விரித்தால் 15 ரோல், நடுவில் 14 இணைப்பு, மொத்தம் 560 மீட்டர் பசை வேலை. ஈர நாளில், தூசி படிந்த பசையில் ஒட்டினால் முதல் மழைக்காலத்திலேயே வாய் பிளக்கும். பிளந்த இணைப்பில் ஒரு பையனின் பூட்ஸ் முனை மாட்டினால் போதும், முட்டி போய்விடும். கான்ட்ராக்டர் சொல்லும் உத்தரவாதம் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். பல உத்தரவாதங்கள் இழையின் நிறத்துக்கும் வெயில் தாங்குதலுக்கும் மட்டும்தான். இணைப்பு, துகள், அடித்தளம் அதில் வராது. "திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்பதற்கும் ஒரு பதில் உண்டு: வாரம் ஒரு முறை பிரஷ் இழுக்க வேண்டும், கோல் முன்னால் துகளை நிரப்ப வேண்டும், மழைக்குப் பிறகு பாசியைப் பார்க்க வேண்டும். ஆயுள் முடிந்ததும் ஐம்பது டன்னுக்கு மேல் மணலும் ரப்பரும் கலந்த குப்பையை யார் எடுத்துப் போவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பர் துகளால் புற்றுநோய் வருமா என்று உங்கள் பெற்றோர் சங்கத்தில் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பழைய டயரில், புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பல வளைய ஹைட்ரோகார்பன் ரசாயனங்களும் துத்தநாகமும் இருப்பது உறுதி. ஐரோப்பிய ரசாயன முகமை 2017-இல் ஆராய்ந்து, கவலைக்குரிய அளவு மிகக் குறைவு என்றது. இருந்தாலும் 2022 முதல் அங்கே எட்டு ஹைட்ரோகார்பன்களின் கூட்டுத்தொகை கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வும் பிள்ளைகளின் உடலில் சேரும் அளவு குறைவு என்றே சொல்கிறது. ஆனால் சிறு வயதிலிருந்து பல்லாண்டு ஆடியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு போதாது. அதனால் "ஆபத்தில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது" என்பதும் மிகை, "புற்றுநோய் வரும்" என்பதும் மிகை. அந்த 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருப்பதாகப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். தராவிட்டால் அந்தத் துகள் வேண்டாம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, துகள் மைதானத்தில் நிற்காது என்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்பிளாஸ்டிக் சட்டம் போட்டு, இத்தகைய துகள் விற்பனையை 2031 அக்டோபருக்குப் பிறகு தடை செய்திருக்கிறது. உங்கள் பக்கம் பெருமழை பெய்தால் துகள் சாக்கடை வழியாக ஏரிக்குத்தான் போகும். சுற்றி 15 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புக் கட்டையும், வடிகால் வாயில் வலைத்தொட்டியும் இல்லாத திட்டத்தை ஏற்காதீர்கள்.

காயம் பற்றி ஆய்வுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நார்வேயில் 17 வயதுக்குட்பட்ட பெண் ஆட்டக்காரர்களை வைத்து 2007-இல் வந்த ஆய்வில் மொத்தக் காயங்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் போட்டிகளில் கடுமையான காயம் செயற்கைத் தரையில் கூடுதல். பெரியவர்களை வைத்துச் செய்த சில ஆய்வுகளில் கணுக்கால் அடி கூடுகிறது, சிலவற்றில் கூடவில்லை. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் எண்களை எடுத்து 30 கிலோ எடையுள்ள பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருத்துவது சரியாகாது. சிராய்ப்பு மட்டும் நிச்சயம், தேய்ந்த டர்ஃபில் சறுக்கினால் தோல் உரியும். ஆனால் இன்றைய உங்கள் தரையோடு ஒப்பிட்டால் இரண்டுமே மேல். காய்ந்த செம்மண்ணில் சரளை எவ்வளவு உரிக்கும் என்பது உங்கள் பிள்ளைகளின் முட்டியில் எழுதியிருக்கும். ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். சரியாகக் காற்றடித்த பந்தின் அடிப்பகுதி இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்து விடுங்கள், எவ்வளவு எழும்புகிறது என்று பக்கத்தில் குச்சி நட்டுப் பாருங்கள். ஃபிஃபா தரச்சான்றுக்கு 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை எழும்ப வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டினால் தரை இறுகிவிட்டது. தாண்டும் தரை பிள்ளையின் முழங்காலுக்கும் அப்படித்தான்.

இப்போது புல். சேலத்துச் சமவெளிக்கு வேறு யோசனையே வேண்டாம், அருகம்புல்தான். நர்சரியில் பெர்முடா என்று விற்பது இதே இனம். டிஃப்வே 419 போன்ற கலப்பு ரகம் மெல்லிய இலையோடு அடர்த்தியாக வரும், அதற்கு விதை கிடையாது, கொடியைத்தான் நட வேண்டும். கொரியன் புல் என்று அழகாக விற்பார்கள். வீட்டு முன்வாசலுக்கு அது சரி, மிதிபட்ட இடம் மறுபடி மூடப் பல மாதம் எடுக்கும், மைதானத்துக்கு ஆகாது. அருகுக்கு ஒரே நிபந்தனை, குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில். மைதானத்து ஓரம் வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அந்த நிழலில் அருகு வராது என்று ஏற்றுக்கொண்டு, ஆடுகளத்தை நிழலுக்கு வெளியே தள்ளிக் கோடு போடுங்கள்.

மண்ணை முதலில் பாருங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், மறுநாளும் கலங்கி நிற்பது களி. பாதிக்கு மேல் மணல் இருந்தால் கவலை இல்லை. அடுத்து, அடியை வெட்டிய பெயிண்ட் டப்பாவை ஐந்து செ.மீ. தரையில் அழுத்தி, இரண்டு முறை தண்ணீர் ஊற்றி இறங்கவிட்டு, மூன்றாம் முறை ஊற்றியது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு செ.மீ.க்குக் குறைவு என்றால் நடுவை உயர்த்தாமல் வேலை தொடங்காதீர்கள். நூறுக்கு ஒன்று சரிவு போதும். 40 மீட்டர் அகலத்துக்கு நடுக்கோடு ஓரத்தைவிட 20 செ.மீ. உயரம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மண்ணையும் போர் தண்ணீரையும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். மேக்னசைட் பூமி என்பதால் நம் பக்கத்துத் தண்ணீரில் மெக்னீசியமும் கடினமும் அதிகம். அருகு உப்பை நன்றாகவே தாங்கும், என்றாலும் எண் தெரிந்திருப்பது நல்லது.

மூக்கனேரி பக்கத்தில்தானே, இரண்டு லோடு வண்டல் அடித்தால் புல் கொழிக்குமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வேண்டாம். வயலுக்கு வரமாக இருப்பது மைதானத்துக்குச் சாபம். மிதிபட்டால் இறுகி, மழையில் வழுக்கி, வெயிலில் வெடிக்கும். அதேபோல மேலே மட்டும் ஒரு அடுக்கு மணல் கொட்டி விடுவதும் தவறு, வேர் மணலுக்குள்ளேயே நின்றுவிடும். இருக்கிற செம்மண்ணை 15 செ.மீ. உழுது, பெரிய கல்லைப் பொறுக்கி, சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ நன்றாக மக்கிய எருவும் (மொத்தம் ஐந்து டன்), டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டையும் கலந்தால் போதும். மக்காத எரு போட்டால் ஊரிலுள்ள களை விதையெல்லாம் உங்கள் மைதானத்துக்கு வந்துவிடும். உழுததும் நடாதீர்கள். தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, சுரண்டி எடுத்து, மறுபடி ஒரு முறை அதையே செய்யுங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், ரோட்டவேட்டர் ஓட்டினால் ஒரு கிழங்கு பத்தாகும். நெருஞ்சியைக் காய் பிடிக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். ஒரு செடியை விட்டால் அடுத்த வருடம் வெறுங்கால் பிள்ளைகளும் பந்தின் பிளாடரும் அனுபவிப்பார்கள்.

நடவு ஜூன் கடைசி, ஜூலை. மூன்று நான்கு கணு உள்ள கொடியை 15 செ.மீ.க்கு ஒன்றாக, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்குமாறு ஊன்ற வேண்டும். இந்த இடைவெளிக்கு ஒரு லட்சம் கொடிக்கு மேல் ஆகும். நெல் நடவுக்குப் போகும் பெண்கள் கையில் கொடுத்தால் வேலை நேர்த்தியாக முடியும். முதல் இரண்டு வாரம் காலை மாலை லேசாகத் தண்ணீர், பிறகு படிப்படியாக இடைவெளி. பத்துப் பன்னிரண்டு வாரம் யாரும் கால் வைக்கக் கூடாது. பள்ளி திறந்த புதிதில் மூன்று மாதம் மைதானத்தைப் பூட்டி வைக்கத் தலைமை ஆசிரியர் சம்மதிப்பாரா என்பதுதான் புல்லின் உண்மையான விலை. சம்மதிக்காவிட்டால் பாதிப் பாதியாக இரண்டு வருடத்தில் செய்யுங்கள்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். வெயில் காலத்தில் பச்சையாக வைக்க வாரம் 25 மி.மீ. வேண்டும், 60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து. போர் ஒரு மணி நேரத்துக்கு 3,500 லிட்டர் தருகிறது என்று வைத்தால் வாரத்துக்கு 24,500. பாதிகூட இல்லை. ஆனால் அருகு சாகாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 12 மி.மீ. நனைத்தால் மேலே வைக்கோல் நிறமாகி, அடியில் உயிரோடு தூங்கும். கோடை மழை விழுந்த பத்தாம் நாள் பச்சை திரும்பும். தூங்கும் புல்லை மட்டும் மிதிக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், கோடைப் பயிற்சி முகாம் வைப்பது அதே மே மாதத்தில். முகாமை மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும் நடத்தி, போர் தண்ணீரை முழுக்க அந்தப் பாதிக்கே கொடுங்கள். 1,200 சதுர மீட்டருக்கு வாரம் 20 மி.மீ. கிடைக்கும், கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக விடுங்கள், வேர் கீழே போகும்.

பராமரிப்பில் தவறுவது மூன்று இடங்களில். மூன்று செ.மீ. உயரத்தில், மழைக்காலத்தில் ஐந்து ஆறு நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். மாதக்கணக்கில் வளரவிட்டு ஒரே நாளில் மொட்டையடித்தால் தண்டுதான் தெரியும். வளரும் மாதங்களில் மாதம் 13 கிலோ யூரியா, போட்ட உடனே தண்ணீர். கிரிக்கெட் பிட்ச் பழக்கத்தில் கனரோலரை உருட்டாதீர்கள், நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். மழைக்காலம் முடிந்ததும் நான்கு பல் ஃபோர்க்கை 10 செ.மீ. குத்தி அசைத்து மண்ணைத் தளர்த்தி, இரண்டரை யூனிட் கழுவிய எம்-சாண்டை மூன்று மி.மீ. கனத்துக்குப் பரப்பித் துடைப்பத்தால் உள்ளே தள்ள வேண்டும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம், அதன் தூள் துவாரத்தை அடைத்துவிடும். காலடித் தடத்தில் தண்ணீர் ஊறும் நாளில் ஆட்டம் இல்லை என்ற விதியை யார் கேட்டாலும் மாற்றாதீர்கள். அந்த ஒரு நாள் ஆட்டம் இரண்டு மாதப் புல்லைத் தின்றுவிடும். கோல்போஸ்டை நகர்த்தும்படி வைத்தால் கோல் முன் தேய்மானம் பகிர்ந்து போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் பின்சட்டத்தை முளையடித்தோ மணல் மூட்டை வைத்தோ கட்ட வேண்டும். நகரும் கோல்போஸ்ட் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

ஏற்காட்டுக்கு இதை அப்படியே கொண்டு போக முடியாது. 1,500 மீட்டர் உயரத்தில் சமவெளிச் சூடு இல்லை, டர்ஃபுக்கு எதிரான என் முதல் வாதம் அங்கே பாதி விழுந்துவிடுகிறது. பதிலுக்கு மூடுபனியும் மழையும் சில்வர் ஓக் சருகும் உண்டு. நிழலில் கிடக்கும் டர்ஃபில் பாசி பிடித்து வழுக்கும், சருகு மக்கித் துகளை அடைக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 150 யூனிட் ஜல்லி போக வேண்டும் என்பதும் கொட்டேஷனில் தெரியும். புல் பக்கம் பார்த்தால், டிசம்பர், ஜனவரிக் குளிரில் அருகு வளராமல் நிற்கும். மண் புளிப்பாக இருந்தால் பரிசோதித்துச் சுண்ணாம்பு இட வேண்டும். அரைநிழல் இடத்துக்கு அகல இலைக் கார்பெட் புல் பிழைக்கும், ஆனால் மிதி தாங்குவது குறைவு. நீலகிரியில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல் மலைக்கு ஏற்றது, மிதியும் தாங்கும், பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் என்பதால் சுற்றி ஒரு அடி ஆழத் தடுப்புக் கட்டை இல்லாமல் நடாதீர்கள். அங்கே உங்கள் பணத்தில் பெரும்பங்கு வடிகாலுக்குப் போக வேண்டும். மலைப்பக்கம் ஒரு கால்வாய் வெட்டி மேலிருந்து வரும் தண்ணீரை மைதானத்துக்குள் நுழையாமல் திருப்பிவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அதுவரை புல்லுக்கும் டர்ஃபுக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.